காலுக்குக் கால் கேட்காதவர்

புன்னைத்துறைத் திருவீதிநாதர் தேருக்குக் கட்டை போட்டவர் மாசிலார். ஓடும் தேரின் சக்கரத்தடியில் புளியமரக் கட்டையைச் செருகி அதை நிறுத்துவதும் திருப்புவதும் அவர் தொண்டு. வடம் பிடிப்பவர்களுக்குச் சந்தனமும் மாலையும் உண்டு. கட்டை போடுபவருக்குப் புழுதிதான். மற்ற நாட்களில் கட்டைகளைச் சீவி எண்ணெய் பூசி, "அப்பனே, பாத்து வா" என்று சொல்லிக்கொண்டே அடுக்கிவைப்பார். வேறு பூசை அவருக்குத் தெரியாது.

ஊர்ச்சபையோருக்கு எல்லாம் தெரியும். கீழ்த்தெரு முனையிலேயே தேர் திரும்பிவிட வேண்டும், உள்ளே போனால் சுவாமிக்குத் தீட்டு என்பதும் தெரியும். சுவாமி அப்படி யாரிடம் சொன்னார் என்பது மட்டும் தெரியாது.

ஒரு பங்குனியில் தேர் அந்த முனைக்கு வந்தபோது, கீழ்த்தெரு வேம்பன் கூட்டத்துக்குள் புகுந்து, மாசிலார் வைத்த கட்டையை உதைத்துத் தள்ளினான். சக்கரம் மாசிலாரின் வலக்காலில் ஏறி நின்றது.

சபை கூடியது. அடிபட்டவருக்கு வைத்தியரை அனுப்ப ஒரு பெரிய மனிதருக்கும் தோன்றவில்லை. தண்டனை மட்டும் வெற்றிலை மடிப்பதற்குள் தயாராகிவிட்டது. காலுக்குக் கால்! கசாப்புக்காரன்கூட இத்தனை பெருமையோடு கத்தி தீட்டமாட்டான்.

கட்டிலோடு தூக்கிவரப்பட்ட மாசிலார் கேட்டார்: "காலு போனது எனக்குத்தானே சாமி? அவன்கிட்ட நான் ஒரு வார்த்த பேசிக்கலாமா?"

"காலோட புத்தியும் போச்சு போல" என்றார் சபைத் தலைவர் கனகராயர். சபை சிரித்தது.

மாசிலார் வேம்பன் பக்கம் திரும்பினார். "ஏன்டா செஞ்ச?"

"எம் பொஞ்சாதி படுத்த படுக்கையா கெடக்கா. தேர ஒருதரம் பாக்கணும்னா. கட்டை இல்லேன்னா தேரு நேரா எங்க தெருவுக்கு வந்துரும்னு நெனச்சேன். உங்க கால நெனக்கல ஐயா."

"வலி உசிர எடுக்குதுடா. அத நீ தெரிஞ்சுக்கணும்."

வேம்பன் அந்தக் காலைப் பார்த்தான். கட்டிலடியில் விழுந்து கதறினான்.

"அவன் கால வெட்டினா எனக்கு மொளைக்குமா சாமி? இனி என்னால குனிய முடியாது. எனக்குப் பதிலா அவன் கட்டை போடட்டும்."

சக்கரத்தடியில் குனிய வேறு ஆள் இல்லாததால் சபை இறங்கி வந்தது. கருணையால் என்று வெளியில் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் கனகராயர் ஒரு நிபந்தனை வைத்தார். அடுத்த பங்குனியில் வேம்பனே கட்டை போட்டு, தன் தெருவுக்குள் போகாமல் தேரைத் திருப்ப வேண்டும். தவறினால் கால் போகும்.

அந்த வருடம் முழுவதும் வேம்பன் மாசிலாரை முதுகில் சுமந்து தேர்க்கொட்டகைக்குக் கொண்டுபோனான். பெரிய மனிதர்கள் பின்னாலிருந்து நொண்டிக் காட்டினார்கள். இருவரும் கட்டை சீவினார்கள்.

பங்குனி வந்தது. முனையில் வேம்பன், மனைவி படுத்திருந்த வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, கட்டையைச் சரியான இடத்தில் செருகினான். தேர் திரும்பவில்லை, அசையவே இல்லை. ஆயிரம் பேர் இழுத்தார்கள். வியர்வையே அறியாத சபையோரும் வடம் பிடித்து மூச்சு வாங்கினார்கள்.

"கட்டை போட்ட லட்சணமா இது?" என்று கத்திய கனகராயர், ஆத்திரத்தில் அதை ஓர் உதை உதைத்தார். எந்த உதைக்காக ஒரு காலை வெட்டச் சொன்னாரோ, அதே உதை!

தேர் புறப்பட்டது. வடத்தை யாரும் தொடவில்லை. ஒருவர்மேலும் உரசாமல் நேரே கீழ்த்தெருவுக்குள் போய், வேம்பன் வீட்டு வாசலில் நின்றது. வேம்பன் மாசிலாரை முதுகில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தான். படுக்கையில் இருந்தபடியே அவள் கைகூப்பினாள். சுவாமியின் மாலை நழுவி, வேம்பன் முதுகிலிருந்த மாசிலார்மேல் விழுந்து, இருவரையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது.

கனகராயரின் காலை யாரும் வெட்டவில்லை. மாசிலார் இருந்த ஊரில் அவருக்கும் அந்தப் பயம் இல்லை. தன் கால் போன பிறகும் இன்னொருவன் காலைக் காத்த அந்த அடியாரின் நசுங்கிய பாதத்துக்கு நம் வணக்கம்.