மாலை கழுத்தில் இருக்கும்வரை

வளையூர் ராஜ்யத்தில் மடைக்காரர் பதவி லேசுப்பட்டதில்லை. பெரிய ஏரியின் மடைப் பலகைப் பூட்டின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். அவர் திறந்தால் கடைமடைவரைக்கும் நெல். திறக்காவிட்டால் ஏரியை ஒட்டிய மேல்மடைக்கு மட்டும் நெல், மற்றவர்களுக்குப் புழுதி.

ஆளைத் தேர்ந்தெடுக்க இரண்டு படி. முதலில் மேல்மடைக்காரர்கள் தங்களுக்குள் ஒருவரைப் பொறுக்கி, கழுத்தில் செவ்வந்தி மாலை போடுவார்கள். பிறகு மேல்மடை, கடைமடை இரண்டு பக்கத்து ஜனமும் ஏரிக்கரையில் கூடி அவருக்குக் கை தூக்க வேண்டும். மாலை கழுத்தில் இருக்கும்வரை அவரை யாரும் பொய்யன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் நாக்கில் சூடு. இந்தச் சட்டத்தை எழுதிய புண்ணியவான் எத்தனை தடவை மாலை போட்டுக்கொண்டவர் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அந்த வருஷம் மேல்மடையில் இரண்டு பேர் போட்டி. கோதண்டம் எழுந்து, "மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், முறை வைத்து விடுவோம்" என்றார். கூட்டம் கொட்டாவி விட்டது. சொக்கநாயகம் எழுந்து, "மடையை ஈயம் காய்ச்சி அடைப்பேன். கடைமடைக்காரன் அழுத தண்ணீரில் பயிர் வளர்க்கட்டும்" என்றார். சீட்டி பறந்தது. மாலை விழுந்தது.

மறுநாளே ஆசாமி கடைமடையில் இருந்தார். பட்டு உருமால் போய்த் தலையில் அழுக்குத் துண்டு. வரப்பில் குந்தி உட்கார்ந்து கூழ் குடித்தார், குடிக்கிற மாதிரி. "உங்கள் நாற்று வாடினால் எனக்குச் சோறு இறங்காது. மடையை அகலத் திறப்பேன்" என்றார். ஒரு பெண்பிள்ளை புடவை மாற்றுகிற நேரம்கூட ஆகவில்லை, மனுஷனுக்குக் கொள்கை மாறிவிட்டது. கடைமடை ஜனம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அதுகளைச் சொல்ல வேண்டும்.

வீராயி மட்டும் துடைக்கவில்லை. மேல்மடையில் வாழ்க்கைப்பட்ட அவள் தங்கை ஈயக் கதையை வந்து சொல்லியிருந்தாள். வீராயியின் நாற்றங்கால் மஞ்சள் பூத்துக் கிடந்தது. நேரே அரண்மனைக்கு வந்துவிட்டாள்.

"மகாராசா, அந்த ஆளு ஒரு பொய்..."

பக்கத்தில் நின்ற நாகம்மை சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். நாகம்மை அரசவையில் மனு கேட்கிறவள். ராஜாவின் பேச்சையே நடுவில் நிறுத்திப் பேசுகிற ஒரே ஆள்.

"நாக்கு வேணுமா வேண்டாமாடி உனக்கு?" என்றாள்.

"நாத்தே போனப்புறம் நாக்கு எதுக்கும்மா?"

ராஜா கரிவரதன் தாடையைத் தடவினார். "அந்த வார்த்தையைச் சொல்லாமல் அவனை நிறுத்த முடியுமா, நாகம்மை? நாளைக்கு ஜனம் கை தூக்கிவிட்டால் சாவியை நான் கொடுத்தே ஆகவேண்டும்."

"கை தூக்குவதற்கு முன்னால் தோள் தொடுகிற சடங்கு உண்டல்லவா?"

உண்டு. மேல்மடைப் பெரியவர் வேட்பாளரின் தோளில் கை வைத்து, "நாங்கள் தேர்ந்தெடுத்த ஆள் இவர்தான்" என்பார். கல்யாண வீட்டு மந்திரம் மாதிரி, யாரும் காதில் வாங்குவதில்லை.

"வழக்கமாகத் தோள் முதலில், பேச்சு பிறகு. நாளைக்குப் பேச்சு முதலில் இருக்கட்டும், தோள் பிறகு" என்றாள் நாகம்மை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மறுநாள் கரை கொள்ளாத கூட்டம். சொக்கநாயகம் கடைமடைப் பக்கமே திரும்பி நின்று பேசினார். குரல் தழுதழுத்தது. "மடையை அகலத் திறப்பேன்" என்று முடித்துவிட்டு, மேல்மடைப் பக்கம் ஒரு சின்னக் கண்ணடிப்பு. இந்தக் கண்ணடிப்பை நம்பித்தானே இவர்கள் பிழைப்பே ஓடுகிறது.

நாகம்மை மேல்மடைப் பெரியவர் ஆண்டியப்பனைக் கூப்பிட்டாள். "தொடுவதற்கு முன்னால் ஒன்று, பெரியவரே. ஆள் மாறாட்டத்துக்குத் துணை போனால் உங்கள் வயலுக்கு ஒரு போகம் தண்ணீர் கிடையாது. நீங்கள் தேர்ந்தெடுத்தவர் எப்படிப்பட்டவர்?"

ஆண்டியப்பன் தொண்டையைச் செருமினார். "மடையை ஈயம் காய்ச்சி அடைக்கிறேன்னு சொன்னவரும்மா."

கடைமடைப் பக்கம் முணுமுணுப்பு கிளம்பியது.

"இவர்தான் அவரா?"

"மூக்கு அதே மூக்குதான்."

"மூக்கையா தேர்ந்தெடுத்தீர்கள்?"

"இல்லைம்மா. பேச்சை."

"இந்தப் பேச்சையா?"

ஆண்டியப்பன் தூக்கிய கையை இறக்கிக்கொண்டார். "இது எங்க ஆளு இல்லை."

நாகம்மை திரும்பினாள். "நீங்களே சொல்லிவிடுங்கள், ஐயா. ஈயம் காய்ச்சுகிறவர் நீங்கள்தான் என்றால் கடைமடை ஜனம் கேட்டுக்கொள்ளட்டும். இல்லை என்றால், மேல்மடை போட்ட மாலை உங்கள் கழுத்துக்கு எப்படி வந்தது? ஆள் மாறாட்டத்துக்குக் கழுதை ஊர்வலம்."

கழுதை தயாராக நின்றது. நாகம்மை அரைகுறையாக எதையும் செய்கிறவள் இல்லை.

சொக்கநாயகம் வேர்வையைத் துடைத்தார். "நான் இரண்டு பேருக்கும் பொதுவானவன்."

"அப்படியா? இதுவரை இரண்டு பேரைத்தான் பார்த்தோம், மகாராஜா. இவர் மூன்றாவது. மேல்மடை வேட்பாளரைக் காணவில்லை என்று தண்டோரா போடச் சொல்லுங்கள். கடைசியாக ஈயம் காய்ச்சிக்கொண்டிருந்தார் என்று அடையாளமும் சொல்லலாம்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சொக்கநாயகம் கழுதையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். தன் கையாலேயே மாலையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

அடுத்து மேல்மடைக்காரர்கள் கோதண்டத்தைக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். "மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம்" என்றார் அந்த மனுஷர் மறுபடியும். இரண்டு பக்கமும் கொட்டாவி விட்டுக்கொண்டே கை தூக்கியது. சாவி அவர் இடுப்புக்குப் போனது.

"உனக்கு என்ன வேண்டும், நாகம்மை?" என்றார் ராஜா.

"எனக்கு ஒன்றும் வேண்டாம். வீராயி நேற்றிலிருந்து ஒரு வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறாள். மாலைதான் இறங்கிவிட்டதே."

வீராயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொக்கநாயகத்தின் முன்னால் போய் நின்றாள். "ஒரு தடவைதானா, மகாராசா?"

"மடை திறக்கிறவரைக்கும் சொல்லு" என்றார் ராஜா.

பலகை ஊறி இறுகிப்போயிருந்தது. மடை திறக்க வெகுநேரம் ஆயிற்று.