மூன்றாவது வளைவில் நிற்பவர்

“டாக்டர், அடுத்து என்ன வாங்கட்டும்ங்க?”

கேட்டவர் சென்னியப்பன். கோயமுத்தூரில் மோட்டார் பம்பு பட்டறை வைத்திருப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். அவர் கையில் ஒரு ரிமோட் கார் இருந்தது. பொம்மைக் கடையில் கிடைக்கும் ரகம் இல்லை. நாய்க்குட்டி அளவு இருக்கும். பேட்டரியில் ஓடும். விட்டால் பைக்கைத் துரத்தும்.

கேட்கப்பட்டவர் டாக்டர் ஃபர்சானா. பல் மருத்துவர். சென்னியப்பனை விட மிகவும் இளையவர். காளப்பட்டிப் பக்கம், மூடிக்கிடந்த ஒரு நூல் மில்லின் பின்னால் இருந்த மண் ட்ராக்கை நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலுள்ள ரிமோட் கார்க்காரர்கள் எல்லாம் அங்கேதான் கூடுவார்கள். அவர் ஓட்டினால் மற்றவர்கள் தங்கள் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

“இதுவரைக்கும் என்னென்ன வாங்கியிருக்கீங்கண்ணா?”

“முன்சக்கரத்தைத் தாங்கற கை ரெண்டும் அலுமினியம். பின்னாடியும் அலுமினியம். ஸ்க்ரூ பூராவும் டைட்டானியம். மோட்டார் புதுசு. சக்கரம் நாலு செட்டு இருக்குதுங்க.”

“வண்டி எப்படிப் போகுது?”

“மூணாவது வளைவுல வாலை வீசுதுங்க. கவுந்துருது.”

டாக்டர் தன்னுடைய காரையும் ரிமோட்டையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“இதை ஓட்டிப் பாருங்க.”

சென்னியப்பன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரு வருஷமாக அந்தக் காரை ஏக்கத்தோடு பார்த்து வந்தவர். ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடையில் ஏறி ஓட்டினார். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, அருமை. மூன்றாவது வளைவில் கார் வாலை வீசியது. கவிழ்ந்தது.

அவர் இறங்கி வந்தார்.

“ஏனுங்கண்ணா,” என்றார் டாக்டர், “இப்ப என் வண்டிக்கு என்ன வாங்கலாம்?”

&nbsp;

அடுத்த ஞாயிறு சென்னியப்பன் ஒரு புது கிட்டோடு வந்தார். எதுவும் பூட்டாதது. பை பையாகச் சாமான்கள், ஒரு விளக்கப் புத்தகம். பழைய காரைச் சென்னையில் ஒருவர் பூட்டிக் கொடுத்திருந்தார். இதைத் தானே பூட்டிவிடுவதென்று முடிவு.

டாக்டர் தன் மேசையில் ஒரு ஓரத்தை அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தார்.

பம்பு பூட்டிப் பழகிய விரல்கள். கியர் பெட்டி கடகடவென்று முடிந்தது. அடுத்தது ஷாக் அப்சார்பர்கள். சுண்டுவிரல் அளவுக் குழாய்கள். உள்ளே எண்ணெய் ஊற்ற வேண்டும். ஊற்றி, மூடியைத் திருகப் போனார்.

“பொறுங்கண்ணா. குமிழி இருக்குது.”

எண்ணெய்க்குள் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகள். சென்னியப்பன் குழாயின் தண்டை மெதுவாக மேலும் கீழும் அசைத்தார். குமிழிகள் அவசரமில்லாமல் ஏறின.

“மூடட்டும்ங்களா?”

“ஏறட்டும்.”

இருவரும் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“எதுக்கு இவ்வளவு வேகம் வேணும் உங்களுக்கு?”

“திருமூர்த்தியை ஜெயிக்கோணும்ங்க.”

ட்ராக்கின் மறுகோடியில், நீலக் கூடாரத்தின் கீழ், திருமூர்த்தி தன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். சென்னியப்பனின் தம்பி. இந்த விளையாட்டுக்கு முதலில் வந்தவர் அவர்தான். அண்ணன் பின்னால் வந்தார்.

அப்பாவின் பட்டறையைப் பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு சுவர் எழும்பியது. அந்தப் பக்கம் லேத் ஓடினால் இந்தப் பக்கம் தரை அதிரும். ஆனால் பேச்சு இல்லை. கல்யாணம், காது குத்து எதிலும் இல்லை. அம்மா இறந்த அன்றுகூட இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே தோள் கொடுத்தார்கள்.

“எதுக்கு ஜெயிக்கணும்?”

“அவன் என்ற தம்பிங்க.”

“இது காரணமா?”

“இதைவிட வேற என்னங்க காரணம் வேணும்?”

டாக்டர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு குமிழி மட்டும் பாக்கி. அது அடிமட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“மத்தியானச் சாப்பாட்டை முடிச்சுட்டு வந்து மூடலாம்,” என்றார்.

&nbsp;

புது கார் ஓடியது. தன் கையால் பூட்டியது ஓடும்போது சென்னியப்பனுக்குப் பட்டறையில் முதல் பம்பு தண்ணீர் எடுத்த நாள்போல இருந்தது. ஆனால் மூன்றாவது வளைவில் அதுவும் கவிழ்ந்தது.

முன்னைவிட மென்மையான ஸ்பிரிங் போட்டுப் பார்த்தார். கவிழ்ந்தது. எண்ணெயை மாற்றினார். கவிழ்ந்தது.

“டாக்டர், எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேனுங்க.”

“மூணாவது வளைவுல நில்லுங்க.”

“எத்தனை நேரமுங்க?”

“இன்னைக்குப் பூராவும்.”

அந்த ட்ராக்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ரேஸ் ஓடி முடித்தவர்கள் அடுத்த ரேஸுக்கு வளைவுக்கு ஒருவராக நிற்க வேண்டும். ஓட்டுகிறவர்கள் மேடையைவிட்டு இறங்கக் கூடாது. கார் கவிழ்ந்தால் வளைவில் நிற்பவர்தான் ஓடிப்போய்த் தூக்கிவிட வேண்டும். சென்னியப்பன் இதுவரை இந்த வேலையில் முடிந்தமட்டும் நழுவி வந்தவர்.

“டாக்டர், முப்பது பேருக்குச் சம்பளம் குடுக்கறவன் நானு. சின்னப் பசங்க வண்டியைக் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?”

“தொப்பி கொண்டு வந்திருக்கீங்களா?”

“இல்லீங்க.”

டாக்டர் தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தார்.

“சக்கரத்துல கை வைக்காதீங்க. நடுவுல பிடிங்க. நிமித்துங்க, திருப்புங்க, விட்டுடுங்க.”

மேடைப் பக்கம் திரும்பி நடந்தார்.

முதல் ஒரு மணி நேரம் அவருக்கு இடுப்பு வலி மட்டுமே தெரிந்தது. அதன்பின் சத்தம் தெரிய ஆரம்பித்தது. கார் வளைவுக்கு வரும் முன்பே எது கவிழும் எது கவிழாது என்று காது சொன்னது. கவிழப்போகும் கார் கடைசிவரை கத்திக்கொண்டே வந்தது. கவிழாதது கொஞ்சம் முன்னாலேயே மூச்சை அடக்கிக்கொண்டது.

ஒரு கல்லூரிப் பெண்ணின் சிவப்புக் கார் அவர் காலடியில் குட்டிக்கரணம் போட்டது. நிமிர்த்தி, திருப்பி, விட்டார். மேடையிலிருந்து, “தேங்க்ஸ் அங்கிள்!” என்று குரல் வந்தது. கை ஒன்று ஆடியது.

அவரும் கையை ஆட்டினார்.

மறு ஞாயிறு யாரும் சொல்லாமலே போய் நின்றார். அதற்கடுத்த ஞாயிறும். சொந்தத் தொப்பி வாங்கிக்கொண்டார். அவருடைய காரும் அந்த வளைவில் கவிழ்வதை விட்டுவிட்டது. எப்போது விட்டது என்று அவர் கவனிக்கவில்லை.

“அங்க நிக்கறது புடிச்சிருக்குங்களா?” என்று கேட்டார் டாக்டர்.

“ஏனோ தெரியலைங்க. புடிச்சிருக்குது.”

திருமூர்த்தியின் கார் மட்டும் அங்கே ஒருமுறைகூடக் கவிழவில்லை. அது வரும்போது சென்னியப்பன் வானத்தைப் பார்ப்பார். அது போய்விடும்.

&nbsp;

மாசியில் வருஷப் போட்டி. ஈரோடு, சேலத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். தேர்வுச் சுற்றுகளில் திருமூர்த்தி, முன்னணிக்காரர்கள் ஓடும் முதல் இறுதிக்குப் போனார். சென்னியப்பனுக்கு அதற்கு அடுத்த நிலைக்காரர்களின் இரண்டாம் இறுதி கிடைத்தது. அதில் மூன்றாவதாக வந்தார். மேடையிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கினார்.

“சந்தோஷமா?” என்றார் டாக்டர். அன்று அவர்தான் நடுவர்.

“அட, நல்லா ஓடுச்சுங்க!” என்றார் சென்னியப்பன். அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது.

அடுத்தது முதல் இறுதி. சென்னியப்பன் தொப்பியைப் போட்டுக்கொண்டு மூன்றாவது வளைவுக்குப் போனார்.

கொடி அசைந்தது. திருமூர்த்தியின் நீலக் கார் ஆரம்பத்திலிருந்தே முன்னால். கோடு போட்டது மாதிரி ஓடியது. சென்னியப்பன் இந்த முறை வானத்தைப் பார்க்கவில்லை. நல்ல ஓட்டத்தைப் பார்க்காமல் இருக்க அவர் கண்ணுக்கு இப்போது முடியவில்லை.

முடிவதற்குக் கொஞ்ச நேரமே இருந்தது. ஒரு சுற்று பின்தங்கிய சேலத்துக் கார் ஒன்று, வழிவிட ஒதுங்கும்போது தடுமாறி நீலக் காரின் பின்சக்கரத்தில் இடித்தது. நீலக் கார் மேலே எழும்பியது. உருண்டது. சென்னியப்பனின் காலடியில் மல்லாந்து கிடந்தது.

எடுத்தார்.

மேல்மூடி ஒரு பக்கம் கழன்றிருந்தது. உள்ளே பேட்டரியைப் பிடித்திருக்கும் பட்டை அவிழ்ந்து தொங்கியது. பேட்டரி ஒயரின் பிடியில் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

நிமிர்த்தி, திருப்பி, விட்டால் போதும். அதுதான் வேலை. மேடையிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த மேட்டில் பேட்டரி வெளியே விழும். கார் நிற்கும். சும்மா நின்றால் தேவலை. அந்த வேகத்தில் பேட்டரி தரையில் தேய்ந்தால் தீப்பிடிக்கும்.

அவர் கை ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணத்தில் சுவர், அதிரும் தரை, பேசாத கல்யாணங்கள் எல்லாம் வந்து போயின. அவருக்கே அது தெரிந்தது.

பிறகு காரை மார்போடு அணைத்துக்கொண்டார். ட்ராக்குக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். பேட்டரியை உள்ளே அழுத்தினார். பட்டையை இழுத்துக் கட்டினார்.

“கீழ விடுறா!”

மேடையிலிருந்து திருமூர்த்தி கத்தினார்.

பல வருஷங்களுக்குப் பிறகு தம்பி அவரிடம் பேசிய முதல் பேச்சு.

“வேணும்னே புடிச்சு வெச்சிருக்கான்! விடுறா கீழ!”

மூடியைப் பொருத்தினார். பின்னால் கார் வருகிறதா என்று பார்த்தார். ஒன்று போகக் காத்திருந்தார். இன்னொன்றும் போயிற்று. விட்டார்.

நீலக் கார் மூன்றாவதாக முடித்தது.

&nbsp;

திருமூர்த்தி நேராக நடுவர் மேசைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

“புகார் பண்ணோணும்ங்க. வளைவுல நின்னவரு வேணும்னே என்ற வண்டியை நிறுத்தி வெச்சாரு. முதுகைக் காட்டிக்கிட்டு நின்னதை எல்லாரும் பாத்தாங்க.”

டாக்டர் சென்னியப்பனைக் கூப்பிட்டார்.

“வண்டியைக் கையில வெச்சிருந்தீங்களா?”

“ஆமாங்க.”

“தேவைக்கு அதிகமா?”

சென்னியப்பன் அந்த ஒரு கணத்தை நினைத்தார்.

“கொஞ்சம் அதிகந்தானுங்க.”

“கேட்டீங்களா? அவரு வாயாலயே சொல்லிட்டாரு,” என்றார் திருமூர்த்தி.

“எழுதிக்கறேன்,” என்றார் டாக்டர். “அதுக்கு முன்னாடி, ஜெயிச்ச மூணு வண்டியையும் திறந்து பார்க்கணும். அது எப்பவும் உள்ள வழக்கம். உங்க வண்டி மூடியைக் கழட்டுங்கண்ணா.”

திருமூர்த்தி மூடியைக் கழற்றினார். எடை போடப் பேட்டரியை எடுக்க வேண்டும். பட்டையில் கை வைத்தார். கை அங்கேயே நின்றது.

பட்டை வலப்பக்கமாக மடித்துக் கட்டப்பட்டிருந்தது. இழுத்து, இறுக்கி, நுனி உள்ளே செருகி. பக்கத்தில் ஒயரின் தோல் உராய்ந்திருந்தது.

“இது நான் கட்டினதில்லை,” என்றார் மெல்ல.

பட்டையின் மடிப்பை விரலால் தடவினார்.

“நான் இடப்பக்கந்தான் மடிப்பேன்.”

டாக்டர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

திருமூர்த்தி தலையைத் தூக்கினார். அண்ணனின் முகத்தைப் பார்த்தார். அதில் நரைத்த மீசை இருந்தது. அதை இவ்வளவு அருகில் அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

“ஏண்ணா சொல்லலை?”

“எங்க சொல்லறது? நீ கத்திட்டிருந்தே.”

டாக்டர் இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“புகாரை எழுதட்டுங்களா?”

“வேண்டாமுங்க,” என்றார் திருமூர்த்தி. பட்டையை அவிழ்க்கப் பார்த்தார். அவிழவில்லை. “பம்புக்குக் கட்டற மாதிரியே கட்டியிருக்கறே.”

“கொண்டா இங்க,” என்றார் சென்னியப்பன்.

&nbsp;

பரிசுகள் கொடுத்து முடிந்தது. வெளியூர்க்காரர்கள் புறப்பட்டார்கள். கூடாரங்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. வெயில் இன்னும் மிச்சமிருந்தது.

திருமூர்த்தி தன் காரோடு அண்ணனின் மேசைக்கு வந்தார். சென்னியப்பன் பூட்டிய காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஷாக்கை அமுக்கிப் பார்த்தார். அது சத்தமில்லாமல் இறங்கி, சத்தமில்லாமல் ஏறியது.

“நல்லா இருக்குது.”

“ம்.”

“சார்ஜ் இருக்குதா?”

“பாதி இருக்கும்.”

“எனக்கும் பாதிதான்.”

இருவரும் மேடையேறினார்கள். ரிமோட்டுகளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கீழே ட்ராக் காலியாகக் கிடந்தது.

“வளைவுல யாரும் இல்லையே,” என்றார் சென்னியப்பன். “கவுந்தா?”

திருமூர்த்தியும் அங்கே பார்த்தார்.

டாக்டர் ஃபர்சானா பரிசுப் பெட்டியைக் காரில் வைத்து டிக்கியைச் சாத்தினார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, மண்ணில் இறங்கி, ட்ராக்கைக் கடந்து மூன்றாவது வளைவில் போய் நின்றார். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டார்.

மேடையைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

“விடுங்க!”