ஆளுக்கு ஓர் உழக்குப் பானகம்

முன்னொரு காலத்தில், மழையும் வரியும் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒரு நாட்டின் அரசனுக்குத் தன் ஐந்து வயதுப் பிள்ளை மேதையாகிவிட வேண்டும் என்று ஆசை வந்தது. அதுவும் அந்த மாதமே ஆகிவிட வேண்டும்! அரசர்களுக்குப் பொறுமை எங்கே இருக்கிறது?

பிள்ளையோ எந்நேரமும் விகடகவி செண்டலங்காரனின் தோளில் ஏறியே திரிந்தான். அது ராஜகுரு சாம்பமூர்த்தியின் கண்ணை உறுத்தியது. ஒருநாள் சபையில் இரண்டு கிண்ணங்களில் ஒரே அளவு பால் வார்த்தார். அதில் ஒன்றை ஒடுங்கிய உயரக் குவளைக்கு மாற்றிவிட்டு, "எதில் அதிகம், இளவரசே?" என்று கேட்டார்.

"இதிலேதான்!" என்று பிள்ளை குவளையைக் காட்டினான்.

"விகடனின் சகவாசத்தால் வந்த மந்தபுத்தி, மகாராஜா," என்றார் ராஜகுரு.

அரசனுக்கு முகம் கறுத்தது. "உயரத்தைப் பார்த்து அளவு சொல்பவன் எவனானாலும் ஏழு வருடம் காட்டுக் குருகுலத்தில் கிடக்கட்டும்! வெள்ளிக்கிழமை பயணம்!" என்று ஆணையிட்டான்.

செண்டலங்காரன் ஆறு பிள்ளை பெற்றவன். ஆறும் அந்த வயதில் உயரக் குவளைக்காக அடித்துக்கொண்டவை; ஏழெட்டு வயதில் தாமாகவே தெளிந்தவை. ஆனால் கெஞ்சினால் அரசன் இன்னும் முறுக்கிக்கொள்வான்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் சபையில் பானகம் வழங்குவது வழக்கம். பதவி எதுவானாலும் ஆளுக்கு ஓர் உழக்கு. அன்று செண்டலங்காரன் எல்லோரும் பார்க்க ஒரே உழக்கால் அளந்து, சேனாதிபதிக்கு உயரக் குவளையிலும் ராஜகுருவுக்கு அகன்ற கிண்ணத்திலும் வார்த்தான்.

"என்ன அநியாயம்! சேனாதிபதிக்கு விளிம்புவரை இருக்கிறது, எனக்கு அடியில் ஒட்டிக் கிடக்கிறதே!" என்று ராஜகுரு எழுந்தேவிட்டார்.

செண்டலங்காரன் அந்தக் கிண்ணத்துப் பானகத்தை இன்னோர் உயரக் குவளையில் ஊற்றினான். அதுவும் விளிம்பைத் தொட்டது.

"மகாராஜா, வண்டி வாசலில் நிற்கிறது. தங்கள் ஆணைப்படி ராஜகுருவை ஏற்றிவிடலாமா?" என்றான். "இளவரசருக்கு வயது ஐந்து. இரண்டு மூன்று வருடத்தில் தானே தெளிந்துவிடுவார். ராஜகுருவுக்கு அறுபது. இவர் எப்போது தெளிவார் என்றுதான் அடியேனுக்குத் தெரியவில்லை."

அரசன் கிரீடம் சாயச் சிரித்தான். ஆணையை ரத்துசெய்து, தன் முத்துமாலையைக் கழற்றிச் செண்டலங்காரன் கழுத்தில் போட்டான். அதற்குள், மறைவிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அரசி திரையை விலக்கிக்கொண்டு சபைக்கே வந்துவிட்டாள். யாரையும் பார்க்காமல் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.