கடுகுக்கு ஒரு நடை, வெல்லத்துக்கு ஒரு நடை

"அம்மா, எனக்கு ஒரு சிரிப்பு காணாமப் போச்சு," என்றார் ஆவுடையப்பன்.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆசிரமம். எதிரே உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவர் சிவகாமி அம்மா. ஆவுடையப்பனுக்கு மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் கேட்க வந்தவர் தரையில் உட்காருவதே முறை என்று அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். எப்படி எழுந்திருப்பது என்பதுதான் கவலை.

"யாரோட சிரிப்பு?"

"என் வீட்டுக்காரி சொர்ணத்தோடது. அவ போய் ரெண்டு வருஷமாச்சு. முகம் ஞாபகம் இருக்கு, படம் மாட்டியிருக்கேன். ஆனா படத்துல அவ சிரிக்கலை. எப்படிச் சிரிப்பான்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன். வரலை."

முறம் நின்றது.

"டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"எல்லாச் சோதனையும் பண்ணியாச்சு. நோய் ஒண்ணும் இல்லைன்னுட்டார்."

"ஒரு நாள் எப்படிப் போகும் உங்களுக்கு?"

"ராஜா மாதிரி. காபி கட்டிலுக்கு வரும். சாப்பாடு நாற்காலிக்கு வரும். ஒரு தம்ளர் தண்ணிக்குக்கூட மருமக எந்திரிக்க விடமாட்டா. 'நீங்க உட்காருங்க மாமா'ம்பா. அப்புறம் டிவி. ராத்திரிதான் தூக்கம் வராது."

அம்மா முறத்தை மறுபடி புடைத்தார்.

"பக்கத்து வீட்டுக்காரர் பேர்கூட மறந்துபோச்சு. மத்ததெல்லாம் போனாப் போகட்டும். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு வேணும். ஞாபகம் திரும்ப ஏதாவது மந்திரம் இருந்தாச் சொல்லுங்க."

"சொல்றேன். அதுக்கு முன்னாடி, கடுகு தீர்ந்துபோச்சு. கீழே காதர் பாய் கடையில வாங்கிட்டு வாங்க."

"நானா?"

"மந்திரம் யாருக்கு வேணும்?"

கடை குளக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்தது. போவது இறக்கம். வருவது ஏற்றம். ஆவுடையப்பன் நின்று நின்று, மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"பாய் என்ன சொன்னார்?" என்று கேட்டார் அம்மா.

"என்ன சொல்வார்? கடுகு கொடுத்தார்."

"அவ்வளவுதானா?"

அம்மா கடுகை டப்பாவில் கொட்டினார். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"அடடா, வெல்லத்தை மறந்துட்டேனே!"

ஆவுடையப்பன் ஆசிரமத்திலேயே தங்கினார். தினமும் அம்மா எதையாவது மறந்தார். மிளகு வாங்கி வந்தால் சீரகம். சீரகம் வாங்கி வந்தால் திரி. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. "பாய் என்ன சொன்னார்?"

"எல்லாத்தையும் சேர்த்து ஒரு தாள்ல எழுதிக் கொடுங்களேன்."

"தாள் இல்லையே. அதையும் வாங்கணும்."

"சரி, மந்திரம்?"

"நாளைக்குச் சொல்றேன்."

"ஞாபகம் கேட்டு உங்ககிட்ட வந்தேன். நீங்க என்னைவிட மோசமா இருக்கீங்களே!"

"ஆமாய்யா," என்றார் அம்மா வருத்தமாக. "என்ன செய்யறது?"

காதர் பாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்ன அண்ணாச்சி, மேலே கடுகை ஒண்ணொண்ணா எண்ணிப் போட்டா தாளிக்கிறாங்க?"

அதைத்தான் ஆவுடையப்பன் அன்றைக்கு வந்து சொன்னார். சமையல்கட்டே சிரித்தது. அதன் பிறகு சேதி இல்லாமல் திரும்ப அவருக்குப் பிடிக்கவில்லை. பாயின் பேத்தி தவழத் தொடங்கியதையும், குளத்துக்கு நாரை வந்ததையும், பூக்கார இசக்கியம்மாள் தன் மருமகனோடு சண்டை போட்டதையும் சரக்கோடு சேர்த்துக் கொண்டுவந்தார். இசக்கியம்மாளைப் போலவே கையை இடுப்பில் வைத்துப் பேசிக் காட்டினார்.

மாம்பழக் காலம் போய்ச் சாரல் காலம் வந்தது. ஏற்றத்தில் நிற்பது குறைந்தது. இரவில் படுத்தால் விடிந்துதான் விழித்தார். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் ஒரு நாள் தானாக வந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை.

"அது இனிமே வராதோ?" என்று ஒரு நாள் காலையில் கேட்டார். குரல் தணிந்திருந்தது.

அம்மா கூடையை எட்டிப் பார்த்தார்.

"கொத்தமல்லி இல்லை," என்றார்.

கொத்தமல்லி வந்தது. பத்து மணிக்கு அம்மா மறுபடி நெற்றியில் தட்டிக்கொண்டார். "கறிவேப்பிலை!"

ஆவுடையப்பன் குடையை எடுத்துக்கொண்டு மறுபடியும் இறங்கினார்.

திரும்பி வரும்போது சாரல் பிடித்துக்கொண்டது. ஒரு கையில் குடை. மறு கையில் ஈரக் கறிவேப்பிலை வாசம். அவருக்கு ஆத்திரமாக வந்தது. வழியில் யாருமில்லை. வாய்விட்டே சொன்னார்:

"காலையில கொத்தமல்லி, இப்ப கறிவேப்பிலை! ரெண்டையும் ஒரே வாட்டி சொன்னா வாய் வலிக்குமா?"

சொன்னவர் அப்படியே நின்றார்.

இது புதிய பேச்சு இல்லை. அவருடைய பழைய பேச்சு. கல்யாணமான நாளிலிருந்து, தன் வீட்டு வாசலில் செருப்பை உதறியபடி, எத்தனையோ முறை சொன்ன பேச்சு. சொன்னதும் உள்ளே சத்தம் இருக்காது. எட்டிப் பார்த்தால் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சொர்ணம், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நிற்பாள். தோள் குலுங்கும். அடக்கப் பார்ப்பாள், முடியாது. பொங்கிக்கொண்டு வரும். வந்தால் விக்கலில்தான் முடியும். அந்த விக்கலுக்குத் தண்ணீர் கொண்டுவரவும் அவர்தான் ஓட வேண்டும்.

விக்கல் சத்தம்கூடக் கேட்டது.

சாரல் நின்ற பிறகும் அவர் குடையை மடக்கவில்லை.

ஆசிரமத்துக்கு வந்து கறிவேப்பிலையை அம்மாவின் முன்னால் வைத்தார்.

"பாய் என்ன சொன்னார்?"

அவர் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"சொர்ணத்துக்கும் உங்களை மாதிரியே மறதிம்மா."

அம்மா கறிவேப்பிலையை உருவத் தொடங்கினார்.

மறுநாள் காலை அம்மா எதையும் கேட்கவில்லை. உளுந்து புடைத்தார். விளக்கைத் துடைத்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் இரண்டு தடவை சமையல்கட்டுப் பக்கம் வந்து போனார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, குடையோடு வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, இன்னைக்கு எதையும் மறக்கலையா?"