நட்டு நின்ற கல்

"அம்மா, என் வீட்டுத் தோட்டத்துல ஒரு கல்லு தண்ணி குடிக்குது," என்றார் தாணுமூர்த்தி.

படித்துறையைக் கழுவிக்கொண்டிருந்த வடிவம்மை நிமிரவில்லை.

"கல்லு குடிக்குதா, இல்ல நீர் குடிச்சிட்டு வந்திருக்கீரா?"

"விளையாடாதீங்க அம்மா. என் வீட்டுக்காரி கோமு சாகக் கிடக்கா."

அப்போதுதான் அவள் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தாள்.

வடிவம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆற்றங்கரைக் கல்மண்டபத்தில் இருந்தாள். எங்கிருந்து வந்தாள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. தாணுமூர்த்திக்கு அறுபத்திரண்டு. முப்பத்து நாலு வருஷம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே எல்லை அளந்து கொடுத்த மனுஷன், மூன்று வருஷமாக இவள் முன்னால் வந்து உட்கார்ந்து ஞானம் கேட்கிறார். கேட்பதோடு சரி. வீட்டுக்குப் போனதும் பழைய சர்வேயர்தான்.

"என்ன கல்லு?"

"புது வீட்டு வாசல்ல கல் தோட்டம் போட்டேன். போன்ல படம் பார்த்தேன், ஆசை வந்துட்டு. வெள்ளாங்கல்லு, செவ்வரி ஓடின கல்லு, உருண்டைக் கல்லுன்னு ஆத்துல தேடித் தேடிப் பொறுக்கி ஸ்கூட்டர்ல கொண்டு வந்தேன். நடுவுல ஒரு கறுப்புக் கல்லு. ஒரு சாண் உயரம்தான். ஆனா என்ன கறுப்பு! வாரவங்க கண்ணெல்லாம் அதுலதான் நிக்கும்."

"யாரைக் கேட்டு எடுத்தீர்?"

"யாரைக் கேக்கணும்? ஆறு பொது இடம். எவன் பட்டாவுலயும் இல்லை."

"சரிதான். மேல சொல்லும்."

"குழாயைத் திறந்துவிட்டா சுத்தி இருக்க மண்ணு நனைய மாட்டேங்கு அம்மா. எல்லாத் தண்ணியும் அந்தக் கறுப்புக் கல்லுக்கிட்ட போய் காணாமப் போயிருது. செடியெல்லாம் கருகிட்டு."

"கோமுவுக்கு என்ன?"

"தாகம். குடம் குடமாக் குடிக்கா. சர்க்கரையான்னு ரத்தம் எடுத்துப் பார்த்தாச்சு. ஒன்னுமில்லைன்னுட்டார் டாக்டர். எவ்வளவு குடிச்சாலும் உதடு வெடிச்சுக் கிடக்கு. ஒரு வாரமா எந்திரிக்கவே இல்லை. இன்னும் எத்தனை நாள் தாங்குவாளோ..."

துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இன்னும் ஏதோ இருக்கு. முழுங்காமச் சொல்லும்."

"தண்ணி கேக்குறது அவ குரல் இல்லை அம்மா. முப்பத்தஞ்சு வருஷமா என்னை 'என்னங்க'ன்னு கூப்பிட்டவ, இப்பக் கண்ணை மூடிக்கிட்டு, 'எய்யா, கொஞ்சம் தண்ணி தாரியா'ன்னு கேக்கா."

அந்தப் பக்கத்தில் பெற்ற தாய்தான் மகனை 'எய்யா' என்பாள். கோமுவுக்கோ பிள்ளை கிடையாது. தாணுமூர்த்தியின் தாயார் அவருக்கு விவரம் தெரிவதற்கு முன்பே போய்விட்டாள். அப்படி அவரைக் கூப்பிட உலகத்தில் யாருமே இல்லை.

வடிவம்மை ஆற்றின் பக்கம் கையைக் காட்டினாள்.

"எடுத்ததை எடுத்த இடத்துல வச்சிட்டு வாரும்," என்றாள்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் உழைத்தார். வேகாத வெயிலில் ஸ்கூட்டரை ஓட்டி ஓட்டி, இரண்டு நாளில் எல்லாக் கல்லையும் ஆற்றில் கொண்டுபோய்ப் போட்டார். அந்தக் கறுப்புக் கல்லைத் தவிர. அதைக் கொடுக்க மட்டும் மனசு வரவில்லை. இத்தனையும் போனபிறகு ஒன்றே ஒன்று இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் நாள் வந்தார்.

"எல்லாம் வச்சாச்சு அம்மா. கோமு அப்படியேதான் கிடக்கா."

வடிவம்மை ஒரு செம்பு தண்ணீர் மொண்டு படிக்கல்லில் ஊற்றினாள்.

"தண்ணி என்ன ஆச்சு?"

"வழிஞ்சு ஓடிட்டு."

மறுபடியும் செம்பை நிரப்பி அவர் கையில் கொடுத்தாள்.

"வீட்டுல மிச்சம் வச்சிருக்கீரே, அதுக்கு இதை ஊத்திப் பார்த்திட்டு வந்து சொல்லும்."

மிச்சம் இருப்பதை அவர் அவளிடம் சொல்லவே இல்லை. திருதிருவென்று முழித்தார். செம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

உச்சி வெயில். தெருவில் ஒரு ஆள் இல்லை. தோட்டத்தில் கறுப்புக் கல் தன்னந்தனியாக நின்றது. தாணுமூர்த்தி செம்பைச் சாய்த்தார்.

ஒரு சொட்டு வழியவில்லை. 'மடக், மடக்' என்று தொண்டையில் இறங்குகிற சத்தம் கேட்டது. செம்பு காலியானதும், உள்ளே படுத்திருந்த கோமு, குடித்து முடித்தவள்போல ஒரு பெருமூச்சு விட்டது ஜன்னல் வழியாகக் கேட்டது.

செம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தார் பாருங்கள், அந்த வயதில் அப்படி ஓட முடியும் என்று அவருக்கே தெரியாது.

"அம்மா, விழுங்குற சத்தம் கேட்டுது!"

"எடுக்கும்போது அந்தக் கல்லு கிடந்துதா, நட்டு நின்னுதா?"

தாணுமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார்.

"கேக்கேன்ல?"

"நட்டு நின்னுது."

"பக்கத்துல?"

"ஒரு தென்னங்கீத்து சரிஞ்சு கிடந்துது. மண்ணுல எள்ளு சிந்திக் கிடந்துது. ஒரு கலயம் இருந்துது."

"கலயத்தை என்ன செஞ்சீர்?"

"காலால ஒதுக்கிட்டேன்."

அடப்பாவி மனுஷா! ஊரில் இது யாருக்குத் தெரியாது? ஒருவர் செத்தால் ஆற்றங்கரையில் ஒரு கல்லை ஊன்றுவார்கள். போன உயிர் அதில் வந்து தாகத்தோடு இருக்கும். மகன் தினமும் எள்ளும் தண்ணீரும் விடுவான். பத்தாம் நாள் கல்லைப் பிடுங்கி, திரும்பிப் பார்க்காமல் ஆற்றில் விட்டுவிட்டால் தாகம் தீர்ந்து அது கிளம்பிவிடும். கல் நட்டபடியே நின்றதென்றால், பத்தாம் நாளுக்கு யாரும் வரவில்லை என்று அர்த்தம். தாணுமூர்த்திக்கு இதெல்லாம் தெரியும். கல்லின் கறுப்பு கண்ணை மறைத்துவிட்டது.

"எல்லைக்கல்லைப் பிடுங்கினவனுக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பின ஆளுல்லா நீர்," என்றாள் வடிவம்மை.

"இப்பவே கொண்டுபோய் பழைய இடத்துல நட்டுருதேன்."

"எதுக்கு? திரும்பவும் காத்துக் கிடக்கவா?"

"அப்ப என்னதான் செய்ய?"

"கல்லைப் பளபளன்னு வச்சிருக்கீராமே, எப்படி?"

"தினமும் காலையில நல்லெண்ணெய் தடவுவேன். அப்புறம் தண்ணி விடுவேன்."

"எத்தனை நாளா?"

"நாற்பது நாள் இருக்கும்."

"பத்து நாள் விட்டவனை மகன்னு சொல்லுது ஊரு. நாற்பது நாள் விட்டவனை என்னன்னு சொல்லும்?"

தாணுமூர்த்திக்குப் பயத்தில் கோபம் வந்தது.

"எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? எந்த ஊரு, எந்தச் சாதி, செத்தது ஆணா பொண்ணா, ஒன்னுமே தெரியாதே!"

"எடுக்கும்போது கேட்டீரா?"

அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கோமுவை விட்டா எனக்கு நாதி கிடையாது அம்மா. என்ன செய்யணும்னாலும் செய்யுதேன்."

"தலையை மழிச்சிட்டு, கல்லைத் தோள்ல வச்சு எடுத்திட்டு வாரும்."

அன்றைக்கு ஒற்றைக் கையால் தூக்கி ஸ்கூட்டரில் வைத்த கல்தான். இப்போது ஓர் ஆளைச் சுமக்கிறதுபோல் கனத்தது. ஆற்றுக்குப் போகிற வழியில் நாலு இடத்தில் நின்றார். இறக்கி வைக்கத் தைரியம் இல்லை. பிடரியில் வெதுவெதுவென்று யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கரைக்கு முகத்தைக் காட்டி நின்றார். வடிவம்மை படியில் இருந்தாள்.

"செத்தவங்க பேரு சொல்லி விடணுமே அம்மா. என்ன பேரைச் சொல்ல?"

"இத்தனை நாளா உம்மைக் கூப்பிட்டுதே. ஒரு தடவையாவது ஏன்னு கேட்டீரா?"

"பயமா இருந்துது. தண்ணியை வச்சிட்டு வெளியே போயிருவேன்."

அவள் விட்டுவிடும்படி கையைக் காட்டினாள்.

தாணுமூர்த்தி தோளிலிருந்து கல்லைப் பின்பக்கமாகத் தள்ளிவிட்டார். தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்கும் என்று காத்திருந்தார். கேட்கவே இல்லை. ஆறு அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"போயிட்டுதா அம்மா?"

வடிவம்மை விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வீட்டுல போய்ப் பாரும்."

ஈர வேட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தார். கோமு கட்டிலில் அப்படியே கிடந்தாள். கண் மூடியிருந்தது. உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது.

"எய்யா," என்றது அந்தக் குரல்.

அவருக்குத் திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

"எய்யா, எங்கய்யா போயிட்ட?"

இத்தனை நாளும் தண்ணீரைத்தான் கேட்டது. இன்றைக்கு அவரைக் கேட்டது. அந்த ஒரு கேள்வியில் தாணுமூர்த்திக்கு என்னவோ ஆகிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இங்கதான் இருக்கேன்மா," என்றார். "நான் எங்கயும் போகலை. இந்தாம்மா, குடி."

தம்ளரை வாயில் வைத்தார். ஒரே ஒரு வாய் உள்ளே போனது. அடுத்ததற்கு அவள் கை தம்ளரை மெல்ல விலக்கியது.

"போதும்யா."

அதற்குப் பிறகு அந்தக் குரல் கேட்கவே இல்லை. ரொம்ப நேரம் கழித்துக் கோமு கண்ணைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், மழித்த தலையைப் பார்த்தாள், பதறிப்போய் எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, இது என்ன கோலம்? நம்ம வீட்டுல யாரு போயிட்டா?"

தாணுமூர்த்தி வாய்விட்டு அழுதார்.