முரசுக்கோலைப் பிடுங்கியவள்

கடுகைவிடச் சிறிய ஊர் ஒன்று இருந்தது. சிரிக்காதீர்கள், அதற்கும் கோட்டை, அரண்மனை, அரண்மனை சொன்னதையெல்லாம் செய்து தரும் பட்டறை எல்லாம் உண்டு. அரண்மனைச் சேதியோடு பட்டறைக்குப் போகிறவன் தலைப்பாகை கட்டியிருக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். வெறுந்தலையோடு வந்தால் அவன் அந்நியன்.

ஊர்க்காவல் மூன்று உடன்பிறப்புகளிடம் இருந்தது. அக்காள் மாடத்தி வருகிறவர்களின் தலையைப் பார்ப்பாள். அண்ணன் சுடலை முரசு அடிப்பான். கடைக்குட்டி பேச்சிக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. "சும்மா திங்கிறா" என்று அண்ணன் சீண்டுவான். தன் பங்கு முறுக்கையும் அவளுக்கே கொடுப்பான்.

ஒரு நாள் வெறுந்தலையர்கள் பட்டறைக்குள் நுழைந்து, தங்களைப் போலவே ஆட்களைச் செய்யச் சொல்லி அதட்டினார்கள். மாடத்தி கண்டு கூவினாள். சுடலை முரசை முழக்கினான். அக்கம்பக்கத்து ஊர்களும் உஷாராகிக் கதவடைத்தன. சனங்கள் தடியோடு பாய்ந்து அந்நியர்களைக் கட்டிப்போட்டார்கள்.

முரசு மட்டும் நிற்கவில்லை. வெறி ஏறிய கூட்டம் சொந்த வைக்கோற்போருக்கே தீ வைத்தது. அந்த அமளியில் அரண்மனைத் தூதன் இசக்கியின் தலைப்பாகை அவிழ்ந்து விழ, அவனையும் அடிக்கத் தொடங்கினார்கள். இசக்கி வேறு யாருமில்லை, பேச்சியின் புருஷன்.

பேச்சி அதைக் கண்டாள். ஆனாலும் முதலில் பட்டறைக்குள் ஓடி மூலைமுடுக்கெல்லாம் பார்த்தாள். பிறகுதான் வந்து அண்ணன் கையிலிருந்த கோலைப் பிடுங்கினாள்.

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா? குடுட்டி!"

"மாட்டேண்ணே. போதும்."

முரசு ஓய்ந்தது. தடிகள் தாழ்ந்தன. இசக்கி குற்றுயிராய்ப் பிழைத்தான்.

மறுநாள் ஊரே கொதித்தது. "புருஷனுக்காக ஊரைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தவள்! கோட்டையை விட்டுத் துரத்துங்கள்!" அரண்மனையிலிருந்து ஊரை ஆண்ட ராணி மூவரையும் அழைத்தாள். சுடலை தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கி நின்றான்.

கேட்கிறவர்களே, ராணியின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? பேச்சியைத் துரத்துவது சரியா?

துரத்தினால் ஊர் தொலைந்தது! புருஷன் உயிர் மட்டுமே பெரிதென்றால் அவள் நேரே கோலிடம் ஓடியிருப்பாள். உள்ளே ஒரு அந்நியனும் மிச்சமில்லை என்று பார்த்துவிட்டல்லவா வந்தாள்? மாடத்தியும் சுடலையும் இல்லாவிட்டால் ஊர் அந்நியனால் அழியும். பேச்சி இல்லாவிட்டால் தன் கையாலேயே அழியும். ராணியும் அவளைத் துரத்தவில்லை. அந்த ஊர் உங்கள் உடம்பில் இருக்கும் ஓர் உயிரணுதான். வெறுந்தலையர்கள் வைரஸ்கள், முரசு அவற்றை எதிர்க்க உயிரணு எழுப்பும் அபாயக் குரல், பேச்சி அந்தக் குரலை அடக்கும் கடிவாளம். அடுத்த முறை காய்ச்சல் வியர்த்து இறங்கும்போது, கடைக்குட்டி கோலைப் பிடுங்கிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் பங்கு முறுக்கு இன்றைக்கும் அவளுக்குத்தான்.