முயல் வாங்கிய பட்டமும் யானைப் பாட்டும்

ஒரு பெரிய மலைக்காட்டில் விலங்குகள் சேர்ந்து ஒரு கல்லூரி நடத்திவந்தன. அங்கே ஒரே ஒரு பட்டம்தான் உண்டு. யானைகளின் ஆதிப் பாட்டுகளைக் கற்றவருக்கு அந்தப் பட்டம். தண்ணீர் எங்கெங்கே இருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பாட்டுகளில்தான் இருந்தது. அதனால் மழை இல்லாத வருஷத்தில் பட்டம் பெற்றவர் முன்னால் நடப்பார். மொத்தக் காடும் அவரை நம்பிப் பின்னால் போகும்.

பட்டம் வாங்குவது லேசில்லை. யானைப் பாஷை காதால் கேட்கிற பாஷை அல்ல. அது யானையின் தொண்டைக்குள்ளேயே உருண்டு, மண்ணில் இறங்கி, நிற்பவர் கால் வழியாக ஏறும். மழைக்காலத்தில் யானைக்கூட்டம் வரும்போது சேற்றில் அசையாமல் நின்று பழக வேண்டும். பாதிப் பேர் முதல் மழையிலேயே ஓடிவிடுவார்கள்.

கல்லூரித் தலைவர் ஒரு கருமந்தி. நல்ல மனசுக்காரர். சேருகிறவர்கள் குறைந்துகொண்டே போவது அவருக்குப் பெருங்கவலை. ஒரு நாள் சபையைக் கூட்டி, இனிமேல் யானைப் பாஷை கட்டாயமில்லை என்று அறிவித்தார். எல்லாப் பாட்டையும் யானைப் பாஷை தெரிந்த மைனா காட்டுப் பேச்சில் மாற்றிச் சொல்லியிருக்கிறாள், அதைப் படித்தால் போதும், பொருள் ஒன்றுதானே என்றார். சின்னக் கால் உள்ளவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்றும் கேட்டார். நியாயமாகத்தான் இருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

மைனாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

"ஐயா, நான் ஒரு சொல்லைக்கூட விடவில்லை. ஆனாலும் என் அலகு கொள்கிற அளவுதான் கொண்டுவந்தேன்," என்றாள்.

"உனக்கு எப்பவும் தன்னடக்கம்!" என்று மந்தி சிரித்துவிட்டார்.

அடுத்த பருவமே கல்லூரி நிரம்பி வழிந்தது. மாசிலாமணி என்ற முயல் ஒரு தப்பும் இல்லாமல் எல்லாப் பாட்டையும் மைனாவின் பேச்சில் ஒப்பித்துப் பட்டம் வாங்கினான். கெட்டிக்காரன்தான், குறை சொல்ல முடியாது.

தேவானை என்ற மிளாமான் மட்டும் பட்டத்துக்கு அவசரப்படாமல் யானைகளோடு மழையில் நின்றாள். கைக்குழந்தை மாதிரி ஒரு கன்று அவளுக்கு இருந்தது. அதையும் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்வாள்.

"அதே கதையைத்தான் அக்கா நான் நிழலில் உட்கார்ந்து படித்தேன். எனக்குக் கால்வலியாவது மிச்சம்," என்று முயல் கேலி செய்தான்.

"கதை அதேதான் தம்பி. ஆனால் பாட்டு காலில் ஏறும்போது சாமி முன்னால் நிற்கிற மாதிரி இருக்கிறது. விட்டுவர முடியவில்லை," என்றாள் அவள்.

அப்புறம் ஒரு வருஷம் மழையே பெய்யவில்லை. யானைகளும் அந்தப் பக்கம் வரவில்லை. குளம் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. மாசிலாமணி முன்னால் நடந்தான். காடே பின்னால் நடந்தது. மூன்று பாறைகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் வெயில் தொடாத தண்ணீர் இருக்கிறது என்று பாட்டு சொல்லியிருந்தது. பாறைகள் இருந்தன. பள்ளமும் இருந்தது. பாட்டு பொய்யில்லை. ஆனால் பள்ளம் கண்ணுக்கெட்டியவரை விரிந்து கிடந்தது. அதில் ஈரமே தெரியவில்லை.

பன்றிகள் அங்கே தோண்டின, இங்கே தோண்டின. புழுதிதான் வந்தது. முயல் பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். எந்த இடம் என்று அதில் இல்லை. தேவானையின் கன்று கால் மடங்கிப் படுத்துவிட்டது. எழுப்பினால் எழவில்லை.

தேவானைக்கு வேறு வழி தெரியவில்லை. கன்றுக்குப் பழக்கமான பாட்டு அது ஒன்றுதான். மண் வழியாக அதற்கு எட்டட்டும் என்று, யானைகள் பாடுகிற மாதிரியே தொண்டைக்குள் உருட்டிப் பாடினாள். பாடிக்கொண்டே அழுதாள், கன்றைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

ஓரிடத்தில் மண் திருப்பிப் பாடியது.

அவள் நின்றாள். மறுபடி பாடினாள். கீழேயிருந்து அதே சுரம் எழும்பி வந்தது, இன்னும் ஆழமாக. பன்றிகளின் காலிலும் அது ஏறியது. பாறைமேல் இருந்த மந்தி கீழே இறங்கி மண்ணில் நெற்றியை வைத்தார். காலகாலமாகப் போய்ச் சேர்ந்த யானைகள் எல்லாம் பூமிக்கடியில் நின்று பதில் சொல்கிற மாதிரி இருந்தது. பாட்டு தண்ணீரைப் பற்றிச் சொல்ல மட்டும் பிறக்கவில்லை. அடியில் வெற்றிடமும் நீரும் உள்ள இடத்தைத் தட்டி எழுப்பவே யானைகள் அதை அந்தச் சுரத்தில் கட்டியிருந்தன.

"இங்கே தோண்டுங்கள்," என்றாள் தேவானை. குளம்பால் அந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

பன்றிகள் தோண்டின. முதலில் ஈரம், பிறகு ஊற்று. குளிர்ந்த, தெளிந்த தண்ணீர். கன்றின் வாயில் முதல் வாய் நீர் போனது. அது கண் திறந்தது.

மாசிலாமணி குடிக்கப் போகவில்லை. மந்தியின் எதிரில் வந்து நின்று, "இந்தப் பட்டம் எனக்கு வேண்டாம் ஐயா. எல்லோரையும் நான் இங்கே சாகக் கூட்டிவந்திருப்பேன்," என்றான்.

மந்தி அவன் முதுகைத் தடவினார். "இந்தப் பள்ளம்வரை நம்மைக் கொண்டுவந்தது நீயும் மைனாவும்தான். தப்பு என்னுடையது. பாதி வழி தெரிந்தவனுக்கு முழுப் பட்டம் கொடுத்துவிட்டேன்," என்றார்.

ஒரு பாட்டின் பொருளை அறிய யார் மாற்றிச் சொன்னாலும் கேட்கலாம். ஆனால் அந்தப் பாட்டைக் கற்றவர் என்று பெயர் வாங்கி நாலு பேருக்கு வழிகாட்ட நினைப்பவர், அது பிறந்த பாஷையைத் தானே வருந்திக் கற்றாக வேண்டும்.